வடிகாலை அடைப்பது மட்டும் போதுமா?
பீட் எனப்படும், பாதி மட்கிய தாவரங்கள் படிந்த மண்ணைக் கொண்ட சதுப்பு நிலங்களில் பழைய வடிகால்களை அடைத்து நீரைத் தேக்கினால் நீர்வாழ் பூச்சிகள் தாமாகவே திரும்பிவிடும் என்று ஒரு கட்டுரை முடிவு கூறுகிறது. அது பாதிதான் சரி. தடுப்புக்குப் பின்னே தேங்கும் புதுக் குட்டையைத் தும்பிகளும் நீர்வண்டுகளும் விரைவில் தேடி வருவதும், கீழே ஓடும் ஓடையில் பீட் துகள் படிவது குறைவதால் கல்லிடுக்குகளில் வாழும் மேஃபிளை என்னும் சிறு பறக்கும் பூச்சியின் இளவுயிரிகள் பிழைத்துக்கொள்வதும் உண்மையே. ஆனால் நெதர்லாந்தில் சிதைந்த சதுப்புகளின் எச்சங்களில்தான் அரிய இனங்கள் பல ஒதுங்கியிருந்தன. அவற்றில் எல்லாமே புதுக் குட்டைகளுக்குப் பரவிவிடவில்லை. ஒரே வீச்சில் பெரும்பரப்பை மூழ்கடித்தால் அந்தக் கடைசிப் புகலிடமும் போய்விடும். கைவலையால் அரித்து முன்கூட்டியே கணக்கெடுத்து, பகுதி பகுதியாக நீரைத் தேக்க வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெருங்குறை.