என் பெண் ஒன்றும் ‘நல்ல பொண்ணு’ இல்லை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நகர்க் குடியிருப்போர் சங்க விழாவில் நடந்ததைப் பாதிப் பேர் நேரிலும் மீதிப் பேர் வாட்ஸ்அப் வீடியோவிலும் பார்த்துவிட்டீர்கள். “என்னங்க, பொண்ணு ஃபேமஸ் ஆயிட்டா போல” என்று இன்றுவரை போன் வந்துகொண்டே இருக்கிறது. எல்லோரிடமும் “ஆமாங்க” என்று சிரித்துவைத்தேன். சிரித்துச் சிரித்து வாய் வலிக்கிறது. எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

சிறப்பு விருந்தினராக வந்த பெரியவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்காக நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். லீவில் என்ன செய்தாய் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். ஒருவன் கோடிங், ஒருத்தி அபாகஸ், இன்னொருவன் கராத்தே. அவர்களுக்கெல்லாம் ஒரு “வெரிகுட்”. என் பெண், “பழைய கதைப் புத்தகம் படிச்சேன், அப்புறம் துணி தைச்சேன்” என்றாள். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார் மனிதர். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா, செல்போனே தொடாமல், வீட்டோடு அடக்கமாக, ஊசியும் நூலுமாக, நல்ல நல்ல புத்தகங்களுமாக, இதுவல்லவா நம் பண்பாடு, வரப்போகிற மாமியார் கொடுத்துவைத்தவர். ஒரே கைதட்டல். வீடியோவில் அது நன்றாகவே கேட்கிறது.

அவளுக்கு 16 வயது. வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் மேல் உறையைப் போட்டு மூடினாள். இன்று புதன்கிழமை. உறை இன்னும் அப்படியே இருக்கிறது.

“பாராட்டினதுக்குப் போயா கோபம்?” என்று கேட்பீர்கள். என் நாத்தனார் கேட்டாயிற்று. ஆமாம், அதற்குத்தான் கோபம். திட்டியிருந்தால்கூட அவள் இரண்டு நாளில் மறந்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்திருப்பாள். அவள் நல்ல பெண் என்று பேர் வாங்குவதற்காகத் தைக்கவில்லை. தைக்கப் பிடித்தது, தைத்தாள். படிக்கப் பிடித்தது, படித்தாள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் மூன்று நாளாக யார் காதிலும் ஏறவில்லை.

பத்தாவது பரீட்சை முடிந்ததும் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கடலூருக்கு, திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போனவள், நாற்பது நாளாகியும் திரும்பவில்லை. ஆயா பாசம் என்று நாங்கள் நினைத்தோம். ஆயாவின் பாசமெல்லாம் கிடக்கட்டும், அவளைப் பிடித்துவைத்தது என் அப்பாவின் டிரங்குப் பெட்டி. அதில் முதலில் கையில் கிடைத்தது ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. 1879-ல் அச்சில் வந்தது, தமிழின் முதல் நாவல், எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று ஒரு மார்க் கேள்விக்கு நாமெல்லாம் உருப்போட்டதோடு சரி. நாவலைத் திறந்து பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் தூக்கவில்லை. அவள் முழுதும் படித்தாள். ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டு ஒரு நாட்டையே ஆளும் இடம் வந்ததும் சமையலறைக்கு ஓடி, “அவ போட்டுக்கிட்ட சட்டைய யாரு ஆயா தைச்சிருப்பாங்க?” என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு அந்தக் கேள்வி எப்படிப் பட்டதோ தெரியாது, அன்று சாயங்காலமே மெஷின் மேல் பல வருஷமாகக் கிடந்த பழைய துணிமூட்டையை இறக்கிக் கீழே வைத்துவிட்டாள்.

என் பெண் முதலில் தைத்தது ஒரு பாக்கெட். கடையில் வாங்கும் சுடிதாருக்கு ஆயிரம் ஜிகினா வைப்பார்கள், பாக்கெட் மட்டும் வைக்க மாட்டார்கள். ஆயாவின் கிழிந்த மஞ்சள் சுங்குடிப் புடவையில் துணி வெட்டினாள். முதல் தடவை தையலுக்கென்று அரை இஞ்ச் விடாமல் வெட்டியதில் கை நுழையவில்லை. இரண்டாவது தடவை நல்ல பக்கம் உள்ளே போய், பிசிறுப் பக்கம் வெளியே வந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். மூன்றாவது தடவை பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் கடைசிவரை மிதித்துக்கொண்டே போயிருக்கிறாள். எடுத்துப் பார்த்தால் துணியில் ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன, தையலைக் காணோம். நான்காவது தடவைதான் நின்றது. அதற்கு அவள் அளவெடுத்தது செல்போனை வைத்து இல்லை, ஒரு கதைப் புத்தகத்தை வைத்து. புத்தகத்தைப் போட்டுக்கொண்டு நடந்தால் சுடிதார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். பார்க்கச் சகிக்காது. அதோடு பாடலீஸ்வரர் கோயில் வாசல்வரை போய்விட்டு வந்தாள்.

இதில் எங்கே ஐயா வருகிறது அடக்கம்?

‘செல்போனே தொடாமல்’ என்றாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆயாவுக்கு ஊக்கும் காஜாவும்தான் கைவந்த கலை, ஜிப் வைக்க வராது. இவள் யூடியூபைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஒரே வீடியோவை நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை ஓடவிட்டாளோ, அந்த மாதம் டேட்டா தீர்ந்து இரண்டு தடவை எனக்கு மிஸ்டு கால் வந்தது. பண்பாட்டைக் காப்பாற்ற அந்த ரீசார்ஜ் பணத்தை யாராவது தருவதானால் வாங்கிக்கொள்கிறேன்.

‘நல்ல நல்ல புத்தகங்கள்’ என்றபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது இதே திருப்பாதிரிப்புலியூரில்தான் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பெருமை, ஏதோ அடுத்த தெருக்காரர் போல. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனையும் அடுத்து வளைத்துப் போட்டாள். புதுமைப்பித்தனில் அவள் திரும்பத் திரும்பப் படித்தவை இரண்டு கதைகள். ஒன்று ‘பொன்னகரம்’. ‘கற்பு, கற்பு’ என்று பேசுகிறவர்களைக் குத்திக் காட்டும் அதன் கடைசி வரியை மட்டும் அவள் அந்த மேடையில் ஒப்பித்திருந்தால் பெரியவர் மைக்கைக் கீழே போட்டிருப்பார். இன்னொன்று ‘சாப விமோசனம்’. ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடும் கதை. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து, “ஏம்மா, இதை ஏன் எங்களுக்குப் பாடத்துல வைக்கல?” என்று சண்டை போட்டாள். பாடத்திட்டத்தை நான்தான் போடுகிறேன் பாருங்கள்.

புதுச்சேரிக்கு, எங்கள் ஊருக்குத் திரும்பும்போது மெஷினும் கூடவே வந்தது. குட்டி யானையில் ஏற்றி, ஆல்பேட்டை தாண்டி, முள்ளோடை வழியாக. அந்தத் தமிழ்நாட்டு எல்லையில் ராத்திரி பகலாக நடக்கும் மதுக் கடத்தல் எல்லாம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்தான். எதிர்த் திசையில் வந்தது எங்கள் மெஷின் ஒன்றுதான் என்று டிரைவர் சொல்லிச் சிரித்தார். வந்த பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோமன் ரோலண்ட் நூலகம். 1827-ல் தொடங்கிய நூலகம் நம் ஊரில் இருக்கிறது, நாம் அந்த வழியாகக் கடற்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். அங்கேதான் ‘ஏழை படும் பாடு’ படித்தாள். விக்தோர் ஹ்யூகோவைத் தமிழில் கொண்டுவந்த சுத்தானந்த பாரதி இதே புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல வருஷம் இருந்தவர் என்று சொன்னேன். ஒரு ரொட்டி திருடியவன் 19 வருஷம் ஜெயிலில் கிடந்தான் என்பதிலேயே நின்றுவிட்டாள், நான் சொன்னது காதில் விழவில்லை.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

நீட் கோச்சிங் ஏன் சேர்க்கவில்லை? டாக்டர் ஆக வேண்டுமா என்று அவளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். அடுத்தது.

மாமியார் விஷயம் ஒரு ஜோக், ஜோக்காக எடுத்துக்கொள்ளக் கூடாதா? எடுத்துக்கொள்ளலாம். கராத்தே பையனிடமும் ‘உன் மாமியார் கொடுத்துவைத்தவர்’ என்று சொல்லியிருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நேரு வீதிப் பக்கம் போய்ப் பாருங்கள், சட்டை, பேன்ட், ஏன் நம் ஜாக்கெட் தைப்பவர்களில்கூட எத்தனை பேர் ஆண்கள். அவர்களில் யாரையாவது ‘குடும்பப் பாங்கான பையன்’ என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? அவர்கள் தைத்தால் தொழில். அதற்குக் கூலி உண்டு, தீபாவளி நேரத்தில் கெஞ்சலும் உண்டு. இவள் தைத்தால் குணமாம்.

நம் பண்பாடு என்றாரே, துணி விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு பண்பாடு இருக்கத்தான் செய்கிறது. ரோடியர் மில், சவானா மில், கெப்ளே மில் என்று மூன்று மில்லை நம்பி எத்தனை வீட்டில் உலை கொதித்தது. 1936 ஜூலை 30-ஆம் தேதி பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் செத்தார்கள். கூலிக்கும் வேலை நேரத்துக்கும் போராடியவர்கள். அவர்களை யாராவது மேடையேற்றி ‘அடக்கமானவர்கள்’ என்று பாராட்டினார்களா என்ன? எங்கேயோ ஆரம்பித்து மில்லுக்குப் போய்விட்டேன். ஆனால் சம்பந்தம் இருக்கிறது, கேளுங்கள்.

அந்த மெஷின் இழுப்பறையில் எண்ணெய்க் குப்பி, உடைந்த ஊசிகள், சாக்பீஸ் துண்டுகளுக்கு அடியில் ஒரு 40 பக்க நோட்டை என் பெண் கண்டெடுத்தாள். அம்மாவின் கணக்கு நோட்டு. நான் மூன்றாவதோ நான்காவதோ படித்த காலம். ஒரு ஜாக்கெட்டுக்கு நான்கு ரூபாய். ‘டீச்சர் வீடு, 2 ஜாக்கெட், 8’. ‘கோடி வீட்டு அக்கா, பாவாடை, 3’. கொடுத்தவர்களுக்கு நேராக ஒரு கோடு அடித்திருக்கிறாள். பாதிக்கு மேல் கோடு இல்லை. என் பெண் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள், 346 ரூபாய். “ஏன் ஆயா நீ கேக்கவே இல்ல?” என்றதற்கு என் அம்மா சொன்ன பதில்: “எல்லாம் நல்லாப் பழகுறவங்கடி. உன்ன மாதிரி தங்கமான பொண்ணு இந்தத் தெருவுலயே இல்லம்பாங்க. அப்புறம் எப்படிக் கேக்குறது?”

எனக்கு அந்த ராத்திரிகள் நினைவிருக்கின்றன. கரண்ட் போனால் சிம்னி விளக்கை மெஷின் பலகைமேல் வைத்துக்கொண்டு தைப்பாள். நான் பக்கத்தில் படுத்து அந்தச் சத்தத்திலேயே தூங்குவேன். காலையில் வந்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வாசலில் நின்று, “உன் கை பொன்னான கைம்மா” என்பார்கள். பிளவுஸ் போய்விடும். நான்கு ரூபாய் வராது. தங்கமான பொண்ணு பாக்கி கேட்கலாமா? அந்தப் பாராட்டின் விலை 346 ரூபாய் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவளை மேடையில் ஏற்றி அதே வார்த்தையை அவள் தலையிலும் வைத்து அனுப்பினால் எனக்கு எரியுமா எரியாதா?

“நீயும்தானே போட்டோ போட்டு ‘என் தங்கம்’ என்று எழுதினாய்?” என்று ஒரு தோழி கேட்டாள். எழுதினேன். அது வேறு. எப்படி வேறு என்று கேட்காதீர்கள், அம்மா எழுதினால் வேறுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. அந்த வீடியோவில் இரண்டாவது வரிசையில் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு கைதட்டுவது நான்தான். பெரியவர் மாமியார் என்று சொன்ன பிறகும் தட்டுகிறேன். சுற்றி எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், கை தானாக எழுந்துவிட்டது. மேடையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்று நாளாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடுகிறாள், படிக்கிறாள், டியூஷன் போகிறாள். நேற்று நான் உறையை எடுத்துவிட்டு, எனக்கு ஒரு பை தைத்துக் கொடேன் என்றேன். “எவ்ளோ தருவே?” என்றாள். ஐம்பது ரூபாய் என்றேன். “துணி உன்னுதா, என்னுதா?” என்றாள். என்னுது என்றேன். “யோசிச்சுச் சொல்றேன்” என்று உறையை மறுபடி இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இந்தப் பதிவை எழுதுவதாகச் சொன்னதும், “மறுபடியும் என்னை வெச்சுப் பேச்சா? போடாதம்மா” என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போட்டுவிட்டேன். மெஷினுக்குத் தோல் பெல்ட் தேய்ந்துபோய்விட்டது, இங்கே பழைய மாடலுக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பாராட்ட நினைப்பவர்கள் சங்கத்துக்கே போய்ப் பாராட்டிக்கொள்ளலாம்.