லொக்கேஷன் மட்டும் கேட்காதீங்க

பாறையில் ஏறும்போது அதன் வெடிப்பு ஒன்றில் நான் தொங்கிக்கொண்டிருக்கும் படத்தைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்வி: "லொக்கேஷன் ப்ளீஸ்." சொல்ல மாட்டேன். சென்னையிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் இருட்டோடு கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம், திண்டிவனம் தாண்டி உள்ளே திரும்ப வேண்டும், அவ்வளவுதான். செஞ்சிக் கோட்டை இல்லை. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே போய்க் கயிறு கட்டும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம்.

"உங்க அப்பன் வீட்டுப் பாறையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. என்னுடையது இல்லை என்பதால்தான் அதை ஊருக்கெல்லாம் தூக்கிக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. எப்படி ஏறுவது என்று கேளுங்கள், தெரிந்ததையெல்லாம் கொட்டுகிறேன்.

இப்போது சென்னையிலேயே செயற்கைச் சுவரில் ஏறிப் பழகலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தச் சுவரேறும் விளையாட்டைச் சேர்த்த பிறகு ஆர்வமும் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கே கலர் கலராகப் பிடிகள் இருக்கும், பிடித்து இழுத்து மேலே போகலாம். கிரானைட் வெடிப்பில் இழுப்பதற்கு ஒன்றுமே கிடையாது. இரண்டு பக்கமும் வழவழவென்று சுவர், நடுவில் ஒரு இடுக்கு. பூமிக்கு அடியில் குளிர்ந்து இறுகிய பாறை, தலைக்கு மேலிருந்த சுமை பல கோடி ஆண்டுகளில் அரித்துப் போனதும் தளர்ந்து பிளந்ததில் வந்த இடுக்கு. ஜிம்மில் புல்லப் எடுத்துத் தேறியவர்கள்கூட இதன் முன்னால் வந்து நின்று முழிப்பார்கள்.

இங்கே கையே ஆப்பு. கட்டைவிரல் மேலே இருக்கும்படி உள்ளங்கையை இடுக்குக்குள் நுழைக்க வேண்டும். பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்குக் குறுக்கே மடக்கினால் அதன் அடியில் இருக்கும் சதை புடைக்கும். அந்தச் சதை ஒரு சுவரிலும் புறங்கை எதிர்ச் சுவரிலும் அழுந்தி, கை பூட்டிக்கொள்ளும். விரலில் பலமே தேவையில்லை. சரியாகப் பூட்டிவிட்டால் அந்த ஒரு கையில் தொங்கிக்கொண்டே மூச்சு வாங்கலாம், அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கலாம். இடுக்கு குறுகினால் விரல்களை மட்டும் சொருகித் திருக வேண்டும், அகன்றால் முஷ்டி. அதற்கும் அகன்றால் தோள், முழங்கால் எல்லாவற்றையும் திணித்துப் புழு மாதிரி நெளிய வேண்டும். அதை விரும்பிச் செய்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

எல்லோரும் கோட்டைவிடுவது காலில்தான். பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, முழங்காலை வெளியே தள்ளி, ஷூவின் முனையை இடுக்கில் விட்டு, பிறகு வெளியே தள்ளிய முழங்காலை மறுபடி நேருக்குக் கொண்டுவர வேண்டும். பாதம் முறுக்கிப் பூட்டும். வலிக்கும், கண்ணில் நீர் வரும். ஆனால் அதை நம்பி எழுந்து நிற்கலாம், கைக்குப் பாதி வேலை மிச்சம்.

நான் இப்படி முக்கி முனகிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்க வந்த ஆயா கீழே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம்மா, பின்னால சுத்திப் போனா நடந்தே ஏறிடலாமே?"

"தெரியும் ஆயா."

"தெரிஞ்சுமா?"

அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. அவர் அடுத்துச் சொன்னதுதான் உருப்படியான விஷயம்: உள்ளே கையை விடுமுன் குச்சியால் தட்டு, தேள் கிடக்கும். அதிலிருந்து கைக்கு எட்டும் வரையாவது தட்டாமல் கை விடுவதில்லை. ஒரு தடவை பல்லி வந்தது. மற்றபடி வௌவால் எச்ச நாற்றம்தான்.

சரி, விழுந்தால்? கயிற்றைப் பிடித்து நிறுத்த வெடிப்பிலேயே கருவிகளைச் செருகிக்கொண்டு போவோம். 1970களில் ரே ஜார்டின் என்ற அமெரிக்கப் பாறையேறி உருவாக்கி 1978இல் விற்பனைக்கு வந்த கேம் என்ற கருவிதான் இதில் பெரிய மாற்றம். விசையை இழுத்தால் அதன் இதழ்கள் சுருங்கும், இடுக்கில் வைத்து விட்டால் விரிந்து கவ்வும். கீழ்நோக்கி இழுபட இழுபடச் சுவரை இன்னும் பலமாக வெளிப்பக்கம் அழுத்தும். அதனாலேயே லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் பாறைச் சில்லுக்குப் பின்னால் வைக்கவே கூடாது, சில்லு பெயர்ந்து கையோடு வந்துவிடும். இரண்டாவதாக ஏறி வருபவர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார், நாங்கள் போன பிறகு பாறையில் ஒன்றும் இருக்காது.

முன்பெல்லாம் இரும்பு ஆணியைச் சுத்தியலால் அடித்து ஏறுவார்கள். அடித்தும் பிடுங்கியும் அமெரிக்காவின் யோசெமிட்டி பாறைகளில் வெடிப்புகளே சிதைந்து போயின. ஆணி செய்து விற்றுக்கொண்டிருந்த ஈவோன் ஷுனார்டே 1972இல் தன் விலைப்பட்டியலில் ஆணியை விடுங்கள், கையால் செருகி எடுக்கும் உலோகத் துண்டுகளுக்கு மாறுங்கள் என்று எழுதினார். தன் சரக்கையே வாங்காதே என்று சொன்ன வியாபாரி! இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

நம் ஊருக்கு வருவோம். வழியில் ரோட்டோரக் குன்று எதையாவது பாருங்கள். எட்டும் உயரம் வரைக்கும் பெயிண்டில் காதலர் பெயர், கட்சிப் பெயர், கோச்சிங் சென்டர் போன் நம்பர். அடியில் பீர் பாட்டில் உடைசல், வெறுங்காலோடு ஆடு மேய்ப்பவர்கள் நடக்கிற இடத்தில். நான் போகும் பாறையில் இன்னும் இதெல்லாம் வரவில்லை. அடிவாரத்தில் ஒரு முனீஸ்வரன் இருக்கிறார், அந்தப் பக்கம் ஏற வேண்டாம் என்று ஊரில் சொன்னார்கள், நாங்கள் ஏறுவதில்லை. இன்னொரு மூலையில், துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் மலைத்தேனீக் கூடுகள். ஒரு கும்பல் ஸ்பீக்கரும் சிகரெட்டுமாக வந்து அதைக் கலைத்துவிட்டால், காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ள அவர்களுக்கு இடம் உண்டு. ஆயாவுக்கு?

லொக்கேஷன் பின் இதில் எதையும் சொல்லாது. வழி மட்டும் காட்டும்.

இதில் ஒரு மேட்டுக்குடித்தனம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஒரு செட் கேம் வாங்குகிற காசுக்கு நல்ல பழைய பைக் வாங்கலாம். தெரிந்தவர் மூலம்தான் வர முடியும் என்றால், தெரிந்தவரே இல்லாதவர் என்ன செய்வார்? எனக்கு ஒருவர் கயிறு பிடித்துச் சொல்லிக் கொடுத்ததால்தான் நான் வந்தேன், அந்தக் கணக்குத் தீர நானும் சிலரைக் கூட்டிப் போகிறேன். இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். "எல்லாருக்கும் திறந்துவிடு, தானா சரியாகும்" என்பதை மட்டும் ஏற்க முடியாது. ரோட்டோரக் குன்றுகள் எல்லாம் திறந்துதான் கிடக்கின்றன.

ஜனவரி முடியும் வரைதான் காலையில் பாறை கைக்கு இதமாக இருக்கும், அப்புறம் ஒன்பது மணிக்கே கை வியர்த்து வழுக்கும். வர விரும்புகிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள், ஒரு வண்டியில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர் போவோம். கருவி, கயிறு, ஹெல்மெட் எங்களிடம் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் அகலமான வெள்ளை பிளாஸ்டர் ஒரு ரோல் வாங்கி வாருங்கள், புறங்கை தோல் உரியாமல் சுற்றிக்கொள்ள. புறங்கையில் முடி அதிகம் உள்ள ஆண்கள் முந்தின நாளே ஷேவ் செய்துவிட்டு வரவும். ஏறும்போது கத்தாதவர்கள்கூட பிளாஸ்டரைப் பிய்க்கும்போது கத்துகிறார்கள்.