கேனோடு வந்தவர் பதுக்கல்காரர் இல்லை

பெட்ரோல் பங்க்குக்கு ரெண்டு கேனோடு டீசல் வாங்க வந்த விவசாயி ஒருவரை, அந்தப் பெரியவரை, கேனில் தர முடியாது என்று திருப்பி அனுப்பிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதைவிட, அதற்குக் கீழே வந்த கமெண்ட்டுகள்தான் எனக்கு ஆறவே இல்லை. "ரெண்டு கேன் தூக்கிட்டு வர்றான், பதுக்கத்தான்" என்று ஒருவர். அதற்கு அத்தனை லைக்.

எங்கள் நாகப்பட்டினம் பக்கம் குறுவை நெல் அறுப்புக்குச் சேற்றில் இறங்குவது பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுப்பு மெஷின். அது தார் ரோட்டில் ஓடி பங்க்குக்கு வர முடியாது. ஊர் விட்டு ஊர் போவதே லாரியில் ஏறித்தான். டீசல்தான் அதைத் தேடி வயலுக்குப் போக வேண்டும். கேன் அதற்குத்தான். தட்டுப்பாடு வருமோ என்ற பயத்தில், டேங்க் முக்கால்வாசி இருக்கும்போதே காரை வரிசையில் விட்டவர்களை யாரும் பதுக்கல் என்று சொல்லவில்லையே?

கேனில் டீசல் கொடுக்கச் சட்டம் இடம் தராது என்கிறார்கள். 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியச் சட்டமே உரிமம் இல்லாமல் 2,500 லிட்டர் டீசல் வரை வைத்துக்கொள்ள விடுகிறது. ஒரு கலனில் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் கேன் ஆபத்து என்றால் இரும்புக் கேன் கேளுங்கள், கொண்டு வருகிறோம். ஆனால் கொடுங்கள்.

வளைகுடாவில் பதற்றம் என்றதும் "இருப்பு போதுமானது, பீதி வேண்டாம்" என்று அறிக்கை வருகிறது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூன்று இடத்திலும் பூமிக்கடியில் 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்கக் கிடங்கு இருக்கிறது. நல்லது. அறுப்பு நேரத்தில் வயலுக்கு டீசல் வருவதற்கு என்ன வழி? அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

அப்பா காலத்தில் ஒரு குறுவை. மெஷின் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. கையில் அள்ளினால் வெள்ளை வெள்ளையாக முளை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினாலே பேச்சு வாங்க வேண்டும். முளைத்த நெல்லை எங்கே கொண்டு போவது? அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அறுப்பு தள்ளிப்போவது என்றால் எங்களுக்கு இதுதான்.

"உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் அரசாங்கம் என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். 2020-இல் கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போனது. அந்த மே மாதம்தான் மத்திய அரசு டீசல் வரியை லிட்டருக்கு 13 ரூபாய் ஏற்றியது. இறங்கும்போது எடுத்துக்கொண்டவர்கள் ஏறும்போது விட்டுக்கொடுக்க வேண்டாமா? மாநில அரசும் 2021-இல் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது, டீசலைத் தொடவில்லை. நாகப்பட்டினம் விசைப்படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் கிடைக்கிறது. கடலில் போகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். அறுப்பு மாதத்தில் மட்டுமாவது எங்களுக்கும் கொடுத்தால் என்ன?

இலவச மின்சாரம் இருக்கிறதே என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கரண்டில் அறுப்பு மெஷின் ஓடாது, நண்பரே. நரிமணத்தில் எங்கள் மண்ணைத் துளைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலைக்கு நிலம் போனது. இவ்வளவும் கொடுத்த ஊர்க்காரர் ரெண்டு கேன் டீசலுக்குக் கைகட்டி நிற்கிறார், அதையும் வீடியோ எடுக்கிறார்கள்.

கொள்முதல் நிலையத்தில், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று விஏஓ கொடுக்கும் அடங்கலைப் பார்த்துத்தானே நெல் எடுக்கிறார்கள்? அதே அடங்கலைக் காட்டினால் கேனில் டீசல் என்று கலெக்டர் நாளைக்கே உத்தரவு போடலாம். அப்புறம், அந்தக் கமெண்ட் போட்டவர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். அந்தக் கமெண்ட்டை எடுத்துவிடுங்கள், நண்பரே. அந்தப் பெரியவரின் பேத்திக்கு இதையெல்லாம் படிக்கிற வயசு.