ஒற்றை எண்களிலும் மிகை எண் உண்டு
நாகர்கோவிலின் அஞ்சல் குறியீட்டு எண் 629001-ஐ நான் படித்த ஒரு கட்டுரை குறை எண் என்று, அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிடக் குறைவாக உள்ள எண் என்று, வகைப்படுத்தியது சரிதான். 3 × 3 × 47 × 1487 என்று அது பிரிகிறது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 299511, எண்ணில் பாதிகூட வரவில்லை. ஆனால் "ஒற்றை எண் என்பதால் குறை எண்" என்று கட்டுரை சொல்லும் காரணத்தை ஏற்கவே முடியாது. 945 ஒற்றை எண்தானே? தன்னைத் தவிர்த்த அதன் வகுத்திகளின் கூட்டுத்தொகை 975, எண்ணையே மிஞ்சிவிடுகிறது. எனவே அது மிகை எண். மிகை எண்ணின் மடங்குகளும் மிகை எண்களே என்பதால், 945 × 667 = 630315 என்ற ஒற்றை எண் நம் குறியீட்டுக்கு மிக அருகிலேயே மிகை எண்ணாக நிற்கிறது. 3, 5, 7 போன்ற சிறிய பகா எண்கள் உள்ளே இருந்தால்தான் கூட்டுத்தொகை ஏறும்; 47, 1487 போன்றவை சேர்ப்பது சொற்பம். தக்கலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகள் இதைத் தாங்களே கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் அத்தனை மகிழ்ச்சி! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் மார்த்தாண்டம் வாசகர் ஒருவர், 3-ஆல் வகுபடாத ஒற்றை எண் மிகை எண்ணாகவே முடியாது என்கிறார். முடியும் ஐயா, வெகுதூரம் போக வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவற்றில் மிகச் சிறியதே 5391411025: 5-ஐ இருமுறையும், 7 முதல் 29 வரையுள்ள பகா எண்கள் அனைத்தையும் ஒருமுறையும் பெருக்கிப் பாருங்கள்.