பிஎஸ் செல்டா: ரோம் கோப்பு கிடைத்தால் போதுமா?
நின்டெண்டோவின் செல்டா தொடரில் செயற்கைக்கோள் வழியே வந்த வீடியோ கேம், பிஎஸ் செல்டா. ‘அதன் ரோம் (விளையாட்டுத் தரவின் நகல் கோப்பு) கிடைத்துவிட்டது, இனி 1995-இல் ஜப்பானில் ஆடிய அதே விளையாட்டை அப்படியே ஆடலாம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. சூப்பர் ஃபாமிகாம் என்ற நின்டெண்டோ விளையாட்டுக் கருவியில் மாட்டிய, சாட்டலாவ்யூ என்ற செயற்கைக்கோள் இணைப்புக் கருவியின் நினைவகப் பேக்கில் இறங்கியது விளையாட்டுத் தரவு மட்டும்தான். கதைசொல்லும் குரல் செயின்ட் கீகா என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் செயற்கைக்கோள் ஒலிபரப்பில் நேரலையாக வந்துபோனது. பேக்கில் அது பதிவாகவே இல்லை.

எந்த நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதும் ஒலிபரப்பு நேரத்தின் கையில். நேரம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது, நீங்கள் குகைக்குள் பாதி வழியில் நின்றாலும் சரி. இன்று கேட்கக் கிடைக்கும் குரல்கள், அன்று சிலர் வீட்டில் விஎச்எஸ் வீடியோ நாடாவில் பிடித்துவைத்ததால் பிழைத்தவை. அப்புறம், இந்த விளையாட்டில் நாயகன், செல்டா தொடரின் வழக்கமான நாயகனான லிங்க் இல்லை. சாட்டலாவ்யூவில் நாம் தேர்ந்தெடுத்த பையனோ பெண்ணோதான்.