பட்டமரத்து உச்சியில் ஒரு வல்லூறு

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு நாள் காலை, செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நின்ற பட்டமரத்தின் உச்சியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. மைனாவாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே தொலைநோக்கியை உயர்த்தினேன். கொக்கியாய் வளைந்த அலகையும், கண்ணை மூடிக் கழுத்துவரை இறங்கிய கறுப்புப் பட்டையையும் கண்டதும் அது மைனா இல்லை என்று தெரிந்தது. அது ஒரு வல்லூறு. உலகின் மிகச் சிறிய வேட்டைப் பறவைகளுள் ஒன்றாகிய கருந்தொடைச் சிறுவல்லூற்றை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

என் பக்கத்தில் நின்ற மாமா, இளமையில் இதே வட்டாரத்துப் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் எடுக்கும் வேலை பார்த்தவர். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுவா மாப்பிள்ளை? பட்டமரம் இருக்குற எடத்துல எப்பவும் உக்காந்திருக்குமே. நாங்க ஏதோ குருவின்னுல்ல நெனச்சோம்" என்றார். அவர் குருவி என்று எண்ணியதில் வியப்பில்லை. அலகிலிருந்து வால் நுனிவரை சுமார் 15 சென்டிமீட்டர்தான். எடையோ ஒரு கோழிமுட்டையைவிடக் குறைவு. நம் அடுக்குமாடிப் புளோக்குகளுக்குக் கீழே திரியும் மைனா ஒன்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் இவற்றுள் இரண்டையாவது வைக்க வேண்டியிருக்கும்.

முதுகும் சிறகும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் கறுப்பு. தொண்டையும் மார்பும் வெள்ளை; வயிற்றுப் பகுதி மட்டும் செங்காவி பூசியது போலிருக்கும். விலாவிலும் தொடையிலும் கறுப்பு இறகுகள் இருப்பதால்தான் அதற்கு இந்தப் பெயர். முகத்தின் கறுப்புப் பட்டையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். வாலின் அடிப்பக்கத்தில் வெண்ணிற வரிகள் உண்டு. உருவம் இத்தனை சிறிதாக இருந்தாலும், பெரிய வல்லூறுகளுக்கு உள்ளது போலவே மேலலகின் ஓரத்தில் பல் போன்ற ஒரு கூர் உண்டு. பிடித்த இரையின் கழுத்தைக் கடித்து முறிப்பதற்கு அது உதவுகிறது.

அன்று நாங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கேயே நின்றோம். பறவை தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டித் தூரத்தை அளப்பதும், திடீரென்று அம்பாய்ப் பாய்ந்து காற்றிலேயே ஒரு தும்பியைப் பிடிப்பதும், மறுபடி அதே கிளைக்குத் திரும்புவதுமாக இருந்தது. இரையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, சிறகுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து உதறிவிட்டு உடலை மட்டும் தின்றது. பிய்த்தெறிந்த சிறகுகளுள் ஒன்று சுழன்று சுழன்று இறங்கி என் மகளின் காலடியில் விழுந்தது. கண்ணாடித்தாள் போன்ற அந்தச் சிறகை அவள் இன்றும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள். இந்தோனீசியாவில் இதற்கு வழங்கும் பெயரான அலப்-அலப் சாப்புங் என்பதில் சாப்புங் என்பது தும்பியைக் குறிக்கிறது. அறிவியல் பெயரின் பின்பாதியோ குருவி பிடிப்பவன் என்ற பொருள் தருவது. தும்பி, சில்வண்டு, ஈசல், அந்துப்பூச்சி ஆகியவைதான் அன்றாட உணவு என்றாலும், சிறு பறவைகளையும் பல்லி வகைகளையும்கூட அது பிடிப்பதுண்டு. ஆகவே இரண்டு பெயர்களும் பொருந்தும். நான் கண்டதை வைத்துச் சொல்வதென்றால், இந்தோனீசியப் பெயரே எனக்கு நெருக்கமானது.

சற்று நேரத்தில் மேலும் மூன்று வந்து அதே கிளையில் ஒட்டி உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிடத் தொடங்கின. வேட்டைப் பறவை என்றாலே தனித்து வாழ்வது என்று எண்ணியிருந்த எனக்கு அந்தக் காட்சி புதிது. இவை சிறு கூட்டமாக வாழ்பவை. இரவில் ஒரே பொந்துக்குள் சேர்ந்து அடைபவை. ஆனால் அந்தப் பொந்தை இவற்றால் குடைய முடியாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து, பயன்படுத்தி, விட்டுப்போன பழைய பொந்தில்தான் இவை வெள்ளை முட்டைகளை இட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் குடைய வசதியானது உளுத்துப்போன மரம். ஆக, உட்கார்ந்து வேட்டை பார்க்க ஓர் உயர்ந்த மொட்டைக் கிளை, குடும்பம் நடத்த ஒரு பழைய பொந்து என இதன் வாழ்வின் இரண்டு தேவைகளையும் பட்டமரமே தருகிறது.

தென் மியன்மார், தாய்லாந்திலிருந்து மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரை பரவியிருக்கும் இந்தப் பறவை, உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. காட்டின் ஓரம், வெட்டவெளி, ஆற்றங்கரை, தோட்டங்கள் என்று மனிதருக்கு அருகிலும் வாழக்கூடியதுதான். அப்படிப்பட்ட பறவை, பாலம் கடந்தால் ஜோகூரில் இருப்பது, சிங்கப்பூரில் மட்டும் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? காடுகளின் பெரும்பகுதியை நாம் இழந்தது முதன்மைக் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எஞ்சியதிலும் பட்ட மரத்தைக் கண்டவுடன் அகற்றிவிட வேண்டும் என்று நாம் பழகியிருப்பதையும் அதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

நடைபாதை ஓரத்திலும் சாலையோரத்திலும் சாயக்கூடிய மரத்தை வெட்டுவதை நான் எதிர்க்கவில்லை. இந்த ஊரில் மரம் விழுந்து உயிர் போயிருக்கிறது. குறிப்பாக, கைவிடப்பட்ட நிலங்களில் தானாக வளர்ந்து நிற்கும் அல்பீசியா, நெடிதுயர்ந்தாலும் வலுவற்ற மரம். பலத்த காற்றுக்கு ஒடிந்துவிடும். ஆனால் ஆள் நடமாட்டமே இல்லாத காட்டின் உட்பகுதியில் நிற்கும் பட்டமரம் யார் தலையில் விழப்போகிறது? பாதைக்குச் சற்றுத் தள்ளி நிற்பவற்றிலும், ஆபத்தான கிளைகளைக் கழித்துவிட்டுத் தண்டை நிற்கவிட முடியுமா என்று பார்க்கலாம். ரம்பம் எடுப்பதற்கு முன்பு பொந்து இருக்கிறதா என்று ஒருவர் நிமிர்ந்து பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

பொந்து கிடைத்தால் பறவை திரும்பும் என்பதற்கு இருவாச்சியே சான்று. நூறாண்டுக்கும் மேலாகச் சிங்கப்பூரில் இல்லாதிருந்த இருவாச்சி 1994இல் புலாவ் உபினில் மீண்டும் தென்பட்டது. கூடு வைக்கப் போதிய பெரிய பொந்துகள் இல்லாத நிலையில் செயற்கைக் கூடுகள் வைக்கப்பட்டன; இன்று குடியிருப்புப் பேட்டைகளிலேயே அதைப் பார்க்கிறோம். சிறுவல்லூறு இருவாச்சியைப் போலவே வந்து பெருகும் என்று நான் உறுதி கூறவில்லை. அதற்குத் தும்பிகள் நிறைந்த திறந்தவெளியும் அதை ஒட்டிய காடும் வேண்டும். எனினும் வழிதவறியாவது வரும் ஒரு சோடி தங்குவதற்கு, நின்றுகொண்டிருக்கும் பட்டமரம் ஒன்றாவது வேண்டாமா?

இருக்கும் பொந்துகளுக்கும் இங்கே போட்டி கடுமை. கூண்டுப் பறவை வணிகத்தால் வந்து பெருகிவிட்ட செம்மார்புக் கிளிகள், இந்த மண்ணின் நெடுவால் கிளிகளோடு பொந்துக்காகச் சண்டையிடுகின்றன. வல்லூறுகள் பருந்துகளைவிடக் கிளிகளுக்கே நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருப்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் புளோக்குக்குப் பின்னால், கால்வாய்க்கு அப்பால் வேலியிட்ட காலி நிலத்தில் ஓர் அல்பீசியா பட்டு நிற்கிறது. அதில் இரண்டு பொந்துகள். மேலே உள்ளதைக் கிளிகள் பிடித்துவிட்டன. கீழே உள்ளதைப் போன மாதம் ஒரு குக்குறுவான் குடைந்தது. அலகு நிறைய மரத்தூளை அள்ளி அள்ளி வெளியே துப்பியது. அதன் குஞ்சுகள் பறந்துபோன பிறகு அந்தப் பொந்து காலியாகும். அந்த மரத்தைக் குஞ்சுகள் பறந்த பின்னும் நிற்க விடுமாறு கேட்டுத் தேசியப் பூங்காக் கழகத்துக்கு நேற்று இரவு எழுதியிருக்கிறேன்.