இரண்டு தங்கக் காசுக்கு ஒரு சந்து: ரோக் ஆடுகிறவர்களுக்கு

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சனிக்கிழமை ராத்திரி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டம்) மேசை போடுகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு நீண்ட பதிவு. ரோக், அதாவது பதுங்கித் தாக்குகிற திருட்டுப் பாத்திரம், எடுத்தவர்களுக்கு மட்டும். மந்திரவாதி ஆடுகிறவர்கள் தாண்டிப் போகலாம். ஆட்டப் புத்தகத்தில் பாதிப் பக்கம் ஏற்கெனவே உங்களுக்குத்தான்.

என் கட்சி இது: தன் முறை வந்த பிறகு யோசிக்கத் தொடங்குகிற ரோக் தாமதமாகிவிட்டார். "சரவிளக்கைப் பிடித்துத் தொங்கி, மேசை மேல் குதித்து, முதுகில் சொருகுகிறேன்" என்று விவரிப்பது கேட்க ஜோராக இருக்கும். ஆனால் உருளப்போவது அதே ஒரு 20 முகப் பகடை. பட்டாலும் ஸ்னீக் அட்டாக் (ரோக்குக்குக் கிடைக்கும் கூடுதல் சேதப் பகடைகள்) சேருமா என்பதைச் சரவிளக்கு முடிவு செய்வதில்லை. எதிரியின் பக்கத்தில் யார் நிற்கிறார், அவனுக்கு உங்களைத் தெரிகிறதா என்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. அந்த இரண்டையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதைத்தான் நான் சாமர்த்தியம் என்பேன்.

கணக்குகள் ஆட்டத்தின் 2014 பதிப்பு விதிப்படி. 2024-இல் மாறிய இடத்தை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் விதி. ஃபினெஸ் ஆயுதமோ (ரேப்பியர் மாதிரி லாகவமாகக் குத்துவது) தூர ஆயுதமோ கையில் இருக்க வேண்டும். அடிக்கிற உருட்டலுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) இருக்க வேண்டும். இல்லையென்றால் எதிரியின் 5 அடிக்குள் அவனுக்கு இன்னொரு பகையாளி செயலிழக்காமல் நிற்க வேண்டும், உங்களுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு உருட்டிச் சிறியதை எடுப்பது) இருக்கக் கூடாது. அவ்வளவே. "பின்னால் போய்த்தான் குத்தணும்" என்று இன்னும் பல மேசைகளில் பெரிய அண்ணன்கள் சாதிப்பதற்குக் காரணம் வரலாறு. 1974-இல் வந்த ஆட்டத்தில் ரோக்கின் மூதாதையான திருடன் வகுப்பு 1975-இல்தான் சேர்ந்தது. அதற்கு முதுகில் குத்தினால்தான் கூடுதல் அடி. இன்றைய விதியில் யாருக்கும் முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. உங்கள் ஃபைட்டர் எதிரியின் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. எதிரெதிரே நிற்கும் ஃபிளாங்கிங் என்பது டிஎம் (ஆட்டத்தை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர்) விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் தனி விதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கிடைக்க வேண்டிய ஆறுமுகப் பகடைகளை (பெயருக்கே கும்பிடலாம்) சண்டைக்குச் சண்டை கோட்டைவிடுகிறார்கள்.

இப்போது எண்கள். 5-ஆம் நிலை ரோக், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18, தாக்குதலுக்கு +7, எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15. பகடையில் 8 வந்தால் போதும், 65 சதவீதம். பக்கத்தில் நம்ம ஆள் ஒருவர் நிற்க, ரேப்பியரால் ஒரே குத்து குத்தினால் ஒரு முறைக்குச் சராசரி சுமார் 13 புள்ளிச் சேதம். இரண்டு கையிலும் குட்டை வாள் என்றால் 17 சொச்சம்: முதல் வாள் தவறினாலும் இரண்டாவது வாளில் ஸ்னீக் அட்டாக்கின் 3 பகடைகளை இறக்கலாம். அட்வான்டேஜோடு ரேப்பியர் என்றால் 18. ஒளிந்திருந்து அடித்தாலும் சரி, 2020-இல் வந்த ஸ்டெடி எய்ம் (நின்று குறிபார்த்தல்) எடுத்து அடித்தாலும் சரி.

17-க்கும் 18-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். விலையைப் பாருங்கள். இரண்டாவது வாள் போனஸ் ஆக்ஷனைத் (ஒரு முறையில் ஆக்ஷனுக்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) தின்றுவிடும். அப்புறம் டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுதல்) செய்ய ஒன்றும் மிஞ்சாது. ஓகர் என்ற ராட்சதன் பக்கத்திலேயே நிற்பீர்கள். அதன் தடி ஒரு தடவை விழுந்தால் சராசரி 13. கான்ஸ்டிட்யூஷன் (உடல்வலு) 14 உள்ள 5-ஆம் நிலை ரோக்குக்கு வழக்கமான சராசரிப்படி 38 உயிர்ப்புள்ளி. மூன்று அடி, கதை முடிந்தது. அன்கேனி டாட்ஜ் என்ற ரோக் திறமை ஒரு சுற்றில் ஒரு அடியைத்தான் பாதியாக்கும். ஸ்டெடி எய்மும் இலவசமில்லை: அந்த முறையில் முன்பு நகர்ந்திருக்கக் கூடாது, பிறகும் நகர முடியாது. 2024 விதியில் இந்த இடம் இளகியிருக்கிறது. நிக் என்ற ஆயுதப் பயிற்சி பழகிய குறுவாளை இன்னொரு இலகு ஆயுதத்தோடு சேர்த்துப் பிடித்தால் கூடுதல் குத்து அட்டாக்குக்குள்ளேயே அடங்கிவிடும். குத்திவிட்டுப் போனஸ் ஆக்ஷனில் நழுவலாம். புது விதியில் ஆடிக்கொண்டு இதைச் செய்யாத ரோக்கை எனக்குப் புரியவில்லை.

அடுத்து, பலர் கண்ணில் படாத ஒரு சொல். ஸ்னீக் அட்டாக் "ஒரு சுற்றுக்கு (எல்லார் முறையும் ஒரு தடவை வந்து முடிவது) ஒரு தடவை" என்று விதியில் இல்லை, "ஒரு முறைக்கு ஒரு தடவை" என்றுதான் இருக்கிறது. அடுத்தவர் முறையும் ஒரு முறைதான். எதிரி உங்கள் கைக்கெட்டும் தூரத்தை விட்டு விலகும்போது ரியாக்ஷனில் (அடுத்தவர் முறையிலும் செய்யக்கூடிய எதிர்ச்செயல்) ஒரு குத்து கிடைக்கிறதே, அதிலும் நிபந்தனை பொருந்தினால் முழு ஸ்னீக் அட்டாக் சேரும். ஆகவே ஃபைட்டரின் (போர்வீரன்) பேட்டில் மாஸ்டர் உட்பிரிவு ஆடுகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் எடுக்கச் சொல்லுங்கள். அவர் தன் ஒரு அடியையும் போனஸ் ஆக்ஷனையும் விட்டுக்கொடுப்பார். நீங்கள் அவர் முறையில் ரியாக்ஷனால் குத்துவீர்கள், அவருடைய பகடையும் உங்கள் அடியில் சேரும். நஷ்டம் ஒன்று உண்டு. ரியாக்ஷன் போய்விட்டதால் அந்தச் சுற்றில் அன்கேனி டாட்ஜ் இல்லை. எதிரி உங்களை அடிக்க முடியாத இடத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

இதையே தனியாகச் செய்யப் பார்த்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு: "ரெடி எடுத்து வைக்கிறேன், இரண்டாவது கையால் இப்போதே குத்துகிறேன்." நடக்காது. இரண்டாவது கைக்கு அட்டாக் ஆக்ஷன் எடுத்திருக்க வேண்டும். ரெடி (ஒரு செயலைப் பிறகு செய்யத் தயாராக வைப்பது) என்பது வேறு ஆக்ஷன். மந்திரவாதி வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் போட்டுக்கொடுத்தால் சரிப்படும்: ஹேஸ்ட் தந்த ஆக்ஷனில் இப்போது ஒரு குத்து, சொந்த ஆக்ஷனை ரெடியாக வைத்து அடுத்தவர் முறையில் இன்னொன்று. ஆனால் மந்திரவாதியின் கவனம் கலைந்து ஹேஸ்ட் விட்டால் உங்களுக்கு ஒரு முறை முழுக்கப் போச்சு.

சரி, ஒளிதல். "கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா" என்பதை விதியாக எழுதினால் அது ஸ்டெல்த்துக்கும் (பதுங்கும் உருட்டல்) பேஸிவ் பெர்செப்ஷனுக்கும் (எதிரி தேடாமலே கவனிக்கும் எண்) நடக்கும் போட்டி. குகையும் கோட்டையும் வரைந்து சலித்துப்போன டிஎம்களுக்கு நம்ம ஊரே ஒரு களம் தருகிறது: வெருலம், டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டம். ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிற கரும்பை விட ரோக்குக்கு நல்ல இடம் எது? கரும்புக்குள் இரண்டு கட்டத்துக்கு (ஒரு கட்டம் 5 அடி) மேல் பார்வை போகாது என்று டிஎம் தீர்மானிக்கட்டும். வரிசையை ஒட்டி நடந்தால் சாதாரண நடை, வரிசையைக் குறுக்கே பிளந்து போனால் இரட்டைச் செலவு.

அங்கே ஒரு முறை எப்படி ஓட வேண்டும் என்பதைக் கட்டம் கட்டமாகச் சொல்கிறேன். வேகம் 30 அடி. ஏற்கெனவே ஒளிந்திருக்கிறீர்கள். தோட்டத்தின் ஓரக் கட்டத்திலிருந்து சிறுவில்லால் எய்யுங்கள். காணாத ஆள் எய்வதால் அட்வான்டேஜ். பட்டாலும் படாவிட்டாலும் எய்த இடம் வெளிப்பட்டுவிடும். வரிசையோடு 15 அடி உள்ளே போங்கள். போனஸ் ஆக்ஷனில் ஹைட். ஒளிந்த பிறகு மிச்சம் இருக்கும் 15 அடியைப் பக்கவாட்டில் செலவழியுங்கள். குறுக்கே போவதால் 5 அடிதான், அதாவது ஒரே கட்டம்தான் கிடைக்கும், ஆனாலும் போங்கள். இந்தக் கடைசி நகர்வைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஒளிந்த இடத்திலேயே உட்கார்ந்தால், நீங்கள் கடைசியாக மறைந்த கட்டத்தை நோக்கி எதிரி கோடாலியை வீசுவான். உங்களைக் காணாததால் அவனுக்கு டிஸ்அட்வான்டேஜ்தான், ஆனால் கட்டம் சரியாக இருந்தால் படக்கூடியதுதான். ஒரு கட்டம் தள்ளி நின்றால், அவன் எவ்வளவு உருட்டினாலும் காற்றைத்தான் வெட்டுவான்.

எங்கே பிசகும்? காற்றில்லாத நாளில் கரும்பின் தலை ஆடுவதே காட்டிக்கொடுக்கும். அப்படி டிஎம் சொல்லி எதிரிக்குப் பெர்செப்ஷனில் அட்வான்டேஜ் கொடுத்தால் சண்டை போடாதீர்கள், அது நியாயமான தீர்ப்பு. அதே மாதிரி தோட்டத்தை விட்டு வெட்டவெளிக்கு வந்து எய்தால், வந்த கணமே கண்ணில் பட்டுவிட்டீர்கள் என்பதுதான் விதியின் கண்டிப்பான அர்த்தம். சில மேசைகளில் விட்டுக்கொடுப்பார்கள். முதல் சண்டைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். 2024-இல் ஒளிய முதலில் 15 உருட்ட வேண்டும். உருட்டிய மொத்தம்தான் உங்களைத் தேடுகிறவன் எட்ட வேண்டிய எண். அப்புறம் எண்ணெய்க் குப்பியைத் தோட்டத்தில் கொளுத்துகிற ஆசை. புத்தகப்படி ஒரு குப்பி 5 அடிக் கட்டத்தில் 2 சுற்று எரிந்து, நுழைகிறவருக்கு 5 புள்ளிச் சேதம் கொடுக்கும். காய்ந்த சோகையில் அது இரண்டு சுற்றில் அணையும் என்று, துணி காயப்போட்ட கொடியில் கரும்புச் சாம்பல் விழுந்து பார்த்த எந்த டிஎம்மும் ஒப்புக்கொள்ள மாட்டார். காற்று எந்தப் பக்கம் என்று கேட்ட பிறகு கொளுத்துங்கள். எரிவது நீங்கள் ஒளிய வைத்திருக்கும் இடம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கால்ட்ராப் (தரையில் பரப்பும் இரும்பு முள்) பை ஒன்று 1 தங்கக் காசு, 20 முள். இங்கே டெவில்தார்ன் என்று திட்டிக்கொண்டே உள்ளங்காலிலிருந்து பிடுங்குகிறோமே, அந்த நெருஞ்சியின் இரும்பு அண்ணன். 5 அடிக் கட்டம் ஒன்றை மூடும். நுழைகிறவன் டிசி (எட்ட வேண்டிய எண்) 15 டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்கும் உருட்டல்) தவறினால் 1 புள்ளிச் சேதம் வாங்கி, அந்த முறை அங்கேயே நின்றுவிடுவான். உயிர்ப்புள்ளி ஒன்றாவது திரும்பும் வரை நடை வேகம் 10 அடி குறையும். பால்ரஸ் குண்டுப் பையும் 1 தங்கக் காசு, 1000 குண்டு. 10 அடிக்கு 10 அடி மூடும்; டிசி 10 தவறினால் விழுவான். இரண்டுக்கும் ஒரே தப்பு வழி: பாதி வேகத்தில் மெதுவாக நடந்தால் சேவே வேண்டாம்.

பலர் இந்தத் தப்பு வழியைப் பார்த்துவிட்டு "பிரயோஜனம் இல்லை" என்று தூக்கிப் போடுகிறார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. 5 அடி அகலச் சந்தில் முதலில் 10 அடிக்குக் குண்டு, அதை ஒட்டி 5 அடிக்கு முள். மொத்தம் 15 அடி. ஜாக்கிரதையாக நடக்கிறவனுக்குச் செலவு 30 அடி, அதாவது அவனுடைய ஒரு முழு முறையின் நடை. ஓடுகிறவன் சேவ் தவறினால் விழுவான், அல்லது முள்ளில் நிற்பான். புத்திசாலியோ முட்டாளோ, உங்கள் வில்லுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சுற்று நிற்கத்தான் போகிறான். இரண்டு தங்கக் காசுக்கு ஒரு சுற்று. 10 அடி அகலச் சந்து என்றால் முள் இரண்டு பை வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டம் வழியாக அவன் சிரித்துக்கொண்டே வருவதைப் பார்க்க வேண்டாம். பறக்கிறவற்றுக்கு இது ஒன்றும் செய்யாது.

பரப்ப ஒவ்வொரு பைக்கும் ஒரு ஆக்ஷன். ஆகவே சண்டைக்கு முன்பே பரப்ப வேண்டும், அல்லது தீஃப் உட்பிரிவு எடுத்து 3-ஆம் நிலையின் ஃபாஸ்ட் ஹேண்ட்ஸ் வழியாகப் போனஸ் ஆக்ஷனில் பரப்ப வேண்டும். அதே ஃபாஸ்ட் ஹேண்ட்ஸால் 2014 விதியில் ஹீலிங் போஷன் ஊற்ற முடியாது. போஷன் மந்திரப் பொருள், அது விலக்கு. 2024 அந்த விலக்கை எடுத்துவிட்டது.

விழுந்தவனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விழுந்தவனை 5 அடிக்குள்ளிருந்து குத்தினால் அட்வான்டேஜ், தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ். டிஸ்அட்வான்டேஜ் வந்தால், பக்கத்தில் நம்ம ஆள் பத்துப் பேர் நின்றாலும் ஸ்னீக் அட்டாக் கிடையாது. குண்டு போட்டு விழவைத்துவிட்டு வில்லை எடுக்கிற ரோக் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்கிறார். வில்லோடு நிற்பவர் முள்ளை நம்பட்டும், குறுவாளோடு நிற்பவர் குண்டை நம்பட்டும்.

கடைசியாக, கண்ணில் மண் தூவுகிற ஆசை. எல்லா ரோக்கும் கேட்பார்கள், பாதி டிஎம்கள் "கண் போச்சு" என்று இலவசமாகக் கொடுத்துவிட்டு, மூன்றாவது சண்டையில் கடுப்பாகி நிறுத்திவிடுவார்கள். ஒழுங்கான பொருளாகச் செய்துகொள்ளுங்கள். விக்டோரியா ஸ்ட்ரீட் சந்தையில் மாமியார் பெயரைச் சொல்லி விற்கிற அந்தக் காரப் பொடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலம், ஒரு தடவை, 5 அடி தூரம். எதிரிக்குக் கான்ஸ்டிட்யூஷன் சேவ். டிசி 8, அதோடு உங்கள் புரஃபிஷியன்சியும் டெக்ஸ்டெரிட்டியும். தவறினால் உங்கள் அடுத்த முறை முடியும் வரை குருடு. "அடுத்த முறை தொடங்கும் வரை" என்று டிஎம் எழுதினால் மறுத்துப் பேசுங்கள்: ஆக்ஷனில் தூவிவிட்டுக் காத்திருக்கிற ரோக்குக்கு அந்தக் கணக்கில் அட்வான்டேஜே வராது, கூட்டாளிகளுக்குத்தான் வரும். தீஃப் என்றால் போனஸ் ஆக்ஷனில் தூவி அதே முறையில் குத்தலாம்; மற்றவர்களுக்கு ஒரு முழு ஆக்ஷன், மேலே சொன்ன 13 புள்ளிச் சேதத்தை விட்டுக்கொடுத்து வாங்குவது. எலும்புக்கூட்டுக்கு இது வேலை செய்யாது. எதிர்க்காற்றில் தூவினால் சேவ் போட வேண்டியவர் நீங்கள்.

மந்திரவாதி மந்திரத்தால் வரவழைக்கிற துணைப் பிராணிகளில் ஆந்தையைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். 10 தங்கக் காசுக்கு வரும், எதிரி மேல் வட்டமிட்டு ஹெல்ப் (உங்கள் குத்துக்கு அட்வான்டேஜ் தரும் உதவி) கொடுத்துவிட்டு அடி வாங்காமல் பறந்துவிடும். டர்பனில் கூரைக்குக் கூரை தாவுகிற குரங்கு அந்தத் துணைப் பிராணிப் பட்டியலில் இல்லை என்று பலருக்கு வருத்தம். வீசல் என்கிற மரநாயின் எண்களைக் குரங்குக்குப் போட்டுக்கொள்ள எந்த டிஎம்மும் தடுக்கப் போவதில்லை, ஆனால் அதற்கு ஆந்தையின் சிறகு கிடையாது. ஹெல்ப் கொடுத்துவிட்டு எதிரியின் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்கும், அடுத்த அடி அதற்குத்தான்.